எட்டாவது லோடு

ஒரு பிடி மண் எடுக்கக் குனிந்த தங்கை, குவியலுக்குள் கையை விட்டதும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். வெந்நீர்ப் பாத்திரத்தைத் தொட்ட மாதிரி சுட்டது.

அக்காவின் பெட்டியைக் குழிக்குள் இறக்கியாயிற்று. சுற்றிலும் முப்பது நாற்பது பேர் நின்றார்கள். அக்காவுக்குப் புருஷன் பிள்ளை என்று யாரும் இல்லை. ரத்த உறவு என்று இருந்தது தங்கை ஒருத்திதான். முதல் பிடியை அவள் போட்டால்தான் மற்றவர்கள் போடமுடியும். எல்லாரும் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தயங்காதீங்கம்மா," என்றார் பூங்கா இன்ஜினியர். இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, கையில் ஒரு மலர்வளையம். "இது சாதாரண மண் இல்ல. நம்ம நகராட்சி உரம். இருபத்திரெண்டு வருஷம் எதுக்காக உழைச்சாங்களோ அதையே அவங்க மேல போட்டு மூடணும்னு எங்க ஆபீஸ்ல முடிவு பண்ணோம். எங்க மரியாதை. மிச்சத்தை இந்தக் கல்லறைப் புல்தரைக்கே போட்டுக்கலாம்."

செத்தவளுக்கும் மரியாதை, புல்தரைக்கும் உரம். ஒரே கல்லில் இரண்டு மாங்காய். இதைப் படம் எடுத்து ஆபீஸ் பத்திரிகையில் போட ஒரு போட்டோக்காரரையும் கூட்டிவந்திருந்தார்.

தங்கை கையை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். மூத்திர நெடி குப்பென்று மண்டைக்கு ஏறியது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கூட்டம் அதை அழுகை என்று எடுத்துக்கொண்டது. "அழுதுடும்மா, மனசுல வெச்சுக்காத," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். அழுகையா? அவளுக்கு வந்தது ஆத்திரம். உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால்வரை ஆத்திரம்.

அந்த நெடி அவளுக்குப் புதிதல்ல. அக்கா அவளோடுதான் ஒரே வீட்டில் இருந்தாள். சமையலறை ஜன்னல் மேடையில் எப்போதும் நாலைந்து பிளாஸ்டிக் பைகள் முடிச்சுப் போட்டு உட்கார்ந்திருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு பிடி உரம், லாரி நம்பர் எழுதிய சீட்டு. மூன்று நாள் கழித்து முடிச்சை அவிழ்த்து மோந்து பார்ப்பாள்.

"ஏங்க்கா, இது சமையல்கட்டா, குப்பைமேடா?"

"வாயை மூடிட்டு மூக்கைக் காட்டுடி. மழை பேஞ்ச மண்ணு மாதிரி வாசம் வந்தா சரி. மூத்திர வாடை அடிச்சா அது இன்னும் மக்கல. செடிக்குப் போட்டா வேரை அவிச்சுப்புடும்."

"சோத்துக்குப் பக்கத்துல இதை மோந்து பாக்கச் சொல்ற பொம்பளை உலகத்துலயே நீ ஒருத்திதான்."

ஆனாலும் தங்கை மோந்து பார்ப்பாள். தையல் மெஷினில் உட்கார்ந்து பள்ளிச் சட்டைகளுக்குக் காலர் வைத்துக்கொண்டிருப்பவளைக் கூப்பிட்டு மூக்கில் பையை நீட்டினால் என்னதான் செய்வது? பத்து வருஷத்தில் அவள் மூக்கும் தேறிவிட்டது.

அந்த நகரத்தில் ஒரு சட்டம் இருந்தது. வீடுகளிலும் கடைகளிலும் சேர்கிற ஈரக்குப்பையை மக்கவைக்கவேண்டும். பூங்காவோ பள்ளி மைதானமோ சாலையோரச் செடியோ, நகராட்சி எந்த வேலை செய்தாலும் அந்த உரத்தைத்தான் வாங்கிப் போடவேண்டும். நல்ல சட்டம்தான். அது வந்த அன்று அக்கா எல்லாருக்கும் மிட்டாய் வாங்கிக் கொடுத்தாள். ஆனால் வருஷத்துக்கு இத்தனை டன் வாங்கியாயிற்று என்று கணக்குக் காட்டவேண்டும் என்றும் அதில் ஒரு வரி இருந்தது. வினை அங்கேதான் முளைத்தது. மூன்று மாதம் புரட்டிப் புரட்டி ஆறவிடவேண்டிய குவியலைக் காண்ட்ராக்டர் ஒரே மாதத்தில் வாரி லாரியில் ஏற்றினார். மேலே அரையடிக்கு நல்ல உரம், அடியில் அத்தனையும் அரைவேக்காடு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான்.

அக்காவிடம் அது செல்லாது. நகராட்சிக்கு வருகிற லோடைப் பார்த்து ஏற்பதோ திருப்புவதோ அவள் வேலை. லாரிமேல் ஏறித் தோள்வரை கையை விட்டு, நடு வயிற்றிலிருந்து ஒரு பிடி இழுப்பாள். டிரைவர்கள் அவளுக்கு மூக்கு மேடம் என்று பேர் வைத்திருந்தார்கள். முதலில் கிண்டலாகத்தான் வைத்தார்கள்.

ஐந்து நாளுக்கு முன்னால் புதுப் பூங்காவுக்கு எட்டு லாரி வந்தது. நானூறு கன்றுகள் காத்திருந்தன, அந்த வாரக் கடைசியில் திறப்பு விழா. அக்கா எட்டையும் பார்த்தாள், எட்டும் சுட்டது. வேண்டாம் என்றாள். இன்ஜினியர் போனில் கத்தினார். அவள் போய் வாசல் கேட்டுக்கு நடுவில் நின்றுகொண்டாள். பத்தரை மணிக்கு நின்றவள் இரண்டரை மணிக்கு விழுந்தாள். நாலு மணி நேரம் உச்சி வெயில். சாலைக்கு அந்தப் பக்கம் ஆபீஸ் ஜன்னலில் நின்று பார்த்தவர்களில் ஒருத்தருக்கும் ஒரு பாட்டில் தண்ணீரோடு கீழே இறங்கத் தோன்றவில்லை. விழுந்தவளைத் தூக்கி ஓரமாகக் கிடத்தினார்கள். எதற்கு? லாரி உள்ளே போக வழி வேண்டுமே!

கடைசியில் நின்ற லாரியின் டிரைவர் மட்டும் அவளைத் தன் வண்டியிலேயே தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். தங்கைக்கு ஆள் அனுப்பியதும் அவர்தான். மற்ற ஏழு லோடையும் இறக்கிப் பரப்பிவிட்டார்கள் என்று சொன்னதும் அவர்தான்.

மறுநாள் சாயங்காலம் அக்கா ஒரே ஒரு தடவை கண்ணைத் திறந்தாள். தண்ணீர் கேட்பாள் என்று தங்கை குனிந்தாள்.

"லோடு?" என்றாள் அக்கா.

"திருப்பி அனுப்பிட்டாங்கக்கா."

"எட்டுமா?"

"எட்டும்."

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். அப்புறம் திறக்கவே இல்லை. செத்துக்கொண்டிருந்தவளிடம் பச்சையாகப் பொய் சொன்னோமே என்பது இந்த நாலு நாளாகத் தங்கைக்குத் தொண்டையில் மீன்முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. சொல்லாமல் என்ன செய்வது? ஏழு லோடு இறங்கிவிட்டது, நீ வெயிலில் நின்றது வெட்டிவேலை என்று சொல்லியா அனுப்பிவைப்பது?

அவள் நிமிர்ந்து பார்த்தாள். குவியலுக்குப் பின்னால், பாதி காலியான லாரியின் பக்கத்தில் அந்த டிரைவர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார்.

"அண்ணே, இது எந்த லோடு?"

அவர் லாரியின் டயரைப் பார்த்தார்.

"உங்களைத்தாண்ணே கேக்கறேன். எந்த லோடு இது?"

"அதேதாம்மா. அன்னிக்கு என் வண்டில இருந்தது. உங்க அக்காவை இறக்கிவிட்டுத் திரும்பி வர்றதுக்குள்ள பூங்கா வேலை முடிஞ்சிடுச்சு. அஞ்சு நாளா வண்டிலயே கெடந்துச்சு. இன்னிக்குக் காலையில இங்க கொண்டாந்து கொட்டச் சொன்னாங்க." அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நான் சொல்லிப் பாத்தேம்மா."

இன்ஜினியர் ஒரு அடி முன்னால் வந்தார். "அம்மா, இப்ப நீங்க உணர்ச்சிவசப்பட்டிருக்கீங்க. புரியுது. எந்த லோடா இருந்தா என்ன, எல்லாம் நகராட்சி உரம்தானே?"

"உணர்ச்சியெல்லாம் ஒண்ணும் இல்ல சார். கையை உள்ள விட்டுப் பாருங்க."

"அதுக்கென்னம்மா..."

"விடுங்க சார். மரியாதைன்னீங்கல்ல? முழங்கை வரைக்கும் விடுங்க."

அவர் வெள்ளைச் சட்டையின் கைமடிப்பைப் பார்த்துக்கொண்டார். தங்கை ஒரு பிடி வாரி அவர் முகத்துக்கு நேராக நீட்டினாள். அவர் மூஞ்சியைச் சுளித்துத் திருப்பினார். பழக்கதோஷத்தில் போட்டோக்காரர் ஒரு படம் எடுத்துவிட்டார்.

"பாத்தீங்களா? உங்களாலயே மோந்து பாக்க முடியல. இதுக்குக் கீழ அவ படுத்திருக்கணுமா? உயிரோட இருந்தப்ப உள்ள விடமாட்டேன்னு சொன்னதை, செத்தப்பறம் தலைமேலயே கொட்டுவீங்களா? உங்களுக்கெல்லாம் வெக்கமே கிடையாதா?"

அவள் புருஷன் தோளைத் தொட்டான். "விடும்மா. சாவுல வந்து என்ன சண்டை? நாலு பேர் என்ன சொல்லுவாங்க?"

"அந்த நாலு பேர் அன்னிக்கு எங்க போயிருந்தாங்களாம்? நாலு மணி நேரம் நின்னாளே, நாலு பேர்ல ஒருத்தர் ஒரு குடை பிடிச்சாங்களா?"

கூட்டத்தில் உரக்கிடங்குக்காரர்களும் ஆபீஸ்காரர்களும் இருந்தார்கள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"இங்க பாருங்கம்மா," என்றார் இன்ஜினியர். குரலில் இப்போது குழைவு போய் ஆபீஸ் வந்துவிட்டது. "இறக்கின லோடைத் திருப்பி எடுக்க வழி கிடையாது. காலையிலேயே ஏத்துக்கிட்டதா நான் கையெழுத்துப் போட்டாச்சு."

"நீங்க போட்டீங்க. அவ போடலையே."

"அவங்கதான் இப்ப..." என்று ஆரம்பித்தவர் வாயை மூடிக்கொண்டார்.

சொல்லக்கூடாது என்று வைத்திருந்தது தங்கைக்கு வாய்க்கு வந்துவிட்டது.

"நான் அவகிட்ட எட்டும் திரும்பிப் போயிடுச்சுன்னு சொல்லிட்டேன் சார். அவ கடைசியாக் கேட்டது அது ஒண்ணுதான். சோறு கேக்கல, தண்ணி கேக்கல. நான் பொய் சொன்னேன். அதை நம்பிட்டுப் போயிட்டா. ஏழு போச்சு, அதை இனிமே நான் என்ன பண்ணமுடியும்? இது ஒண்ணு இங்க இருக்கு. இது திரும்பிப் போகணும். போகாம ஒரு பிடி மண்ணு விழாது. நாளைக்கு ஆனாலும் சரி, நான் இங்கயேதான் நிப்பேன்."

சொல்லிவிட்டுக் குழிக்கும் குவியலுக்கும் நடுவில் போய் நின்றாள். அக்காமேலும் கோபம் வந்தது. உனக்கென்ன, நீ பாட்டுக்கு நிம்மதியாகப் போய்விட்டாய், என்னை இப்படி நடுத்தெருவில் நிறுத்திவிட்டு.

டிரைவர் போய் லாரியின் பின்கதவை இறக்கினார். அந்தச் சத்தத்தில் குழி தோண்டுகிறவர் மண்வெட்டியைக் கையில் எடுத்தார். இன்ஜினியரை ஒரு பார்வை பார்த்தார், தங்கையை ஒரு பார்வை பார்த்தார், குவியலில் ஒரு வெட்டு வெட்டிக் கூடையில் போட்டார். உள்ளேயிருந்து ஆவி எழுந்தது. முன்வரிசை மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் நகர்ந்தது. உரக்கிடங்குக்காரர்கள் மூன்று பேர் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு வந்தார்கள். தங்கையின் புருஷன் முணுமுணுத்துக்கொண்டே சட்டைக் கையை மடக்கினான்.

அரை மணி நேரம் ஆயிற்று. கூடை கூடையாக லாரியில் ஏறியது. கடைசியில் தரையில் ஒட்டியிருந்ததைத் தங்கையே உட்கார்ந்து இரண்டு கையாலும் வழித்தாள். இன்ஜினியர் மலர்வளையத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

டிரைவர் ஏறி வண்டியைக் கிளப்பினார். குழி தோண்டுகிறவர் மறுபக்கம் போய், அங்கே தோண்டிப் போட்டிருந்த மண்ணின்மேல் மூடியிருந்த தார்ப்பாயை உருவினார். சாதாரண மண். சிவப்பாக, ஈரமாக இருந்தது.

"மூடலாமாம்மா?" என்றார்.

"இருங்க," என்றாள் தங்கை. "வண்டி வாசலைத் தாண்டட்டும்."

வாசல் குறுகல். லாரி ஒரே வீச்சில் திரும்ப இடம் போதவில்லை. முன்னால் கொஞ்சம் போய், பின்னால் கொஞ்சம் வந்து, மறுபடி முன்னால் போனது. எல்லாரும் கையில் மண்ணோடு காத்திருந்தார்கள்.