எல்லாரும் சரி சொல்லும்வரை

எங்கள் குடும்பத்தில் சொத்து பிரிக்க வக்கீல் வேண்டாம், பசி போதும். எல்லாரும் கூடத்தில் உட்கார வேண்டும். கடைசி ஆள் வாயால் "சரி" சொல்லும்வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது, சாப்பிடக் கூடாது. இதுதான் வழக்கம். முதலில் விட்டுக்கொடுப்பது எப்போதும் பெண்கள்தான். அதற்குப் பாசம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

அம்மாவுக்குப் பின் அப்பாவும் போன பிறகு, அவருடைய தையல் கடைக்காக உட்கார்ந்தோம். அங்கே துணி வெட்டுவதும் நான், அளவு சரியில்லை என்று வருகிறவர்களிடம் திட்டு வாங்குவதும் நான். பஸ் ஓட்டும் அண்ணனுக்குப் பட்டன்கூட வைக்கத் தெரியாது. ஆனாலும் வழக்கப்படி கடை மகனுக்கு.

"சட்டப்படி எனக்கும் பாதி இருக்கு பெரியப்பா," என்றேன்.

"சட்டமெல்லாம் வாசலோட நிக்கட்டும். வீட்டுக்குள்ள வழக்கம்தான்," என்றார் எங்கள் குடும்ப நீதிபதி.

"அப்ப வழக்கப்படியே உக்காருவோம்," என்று சம்மணம் போட்டு, கையோடு கொண்டுவந்த சட்டைக்குக் காஜா எடுக்க ஆரம்பித்தேன்.

பெரியப்பா சிரித்தார். பாவம். கொஞ்சம் முன்புதான் அத்தை என்னை அடுப்படிக்குள் இழுத்துக் கதவைச் சாத்தி, போதும் போதும் என்று நான் கெஞ்சும்வரை ஊட்டிவிட்டது அவருக்குத் தெரியாது. பங்கை விட்டுக்கொடுத்தவர்களுக்குக் கூடத்தில் இடமில்லை, அதனால் அத்தைக்கு அடுப்படிதான்.

அங்கே வெங்காயம் வதங்கியது. அண்ணன் எச்சில் விழுங்கினான். பிறகு பூண்டு. பெரியப்பாவின் வயிறு எல்லாருக்கும் கேட்கும்படி உறுமியது. நான் அடுத்த சட்டையை எடுத்தேன்.

"உனக்குப் பசிக்கலையாடி?" என்றான் அண்ணன்.

"கடை இல்லைன்னா நாளையிலேர்ந்து தினமும் பசிக்கும். இப்பவே பழகிக்கறேன்."

அவன் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "குடுத்துடலாம் பெரியப்பா. அந்தக் கடையில கத்தரிக்கோல் எங்க இருக்குன்னுகூட எனக்குத் தெரியாது. நான் சரி சொல்லிட்டேன்."

பெரியப்பா அவனை முறைத்தார். அந்த நேரம் பார்த்து அடுப்படியில் தாளிக்கும் சத்தம் கேட்டது.

"சரி, சரி! பாதி உனக்கு. முதல்ல தட்டை எடுத்து வைங்க!"

சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை. அடுப்படிக்கு ஓடி அத்தையைக் கட்டிக்கொண்டேன்.

"தாத்தா சொத்தைப் பிரிச்ச அன்னைக்கு நீங்க மட்டும் ஏன் அத்தை சரி சொன்னீங்க?"

"கைக்குழந்தை அழுதுது. பாலுக்கு நான் சாப்பிடணும்ல?" தட்டில் சோற்றை அள்ளி வைத்தபடி சொன்னாள். "உக்கார்றதுக்கு முன்னாடியே எனக்கு ஊட்டிவிட அன்னைக்கு யாரும் இல்லடி. இந்தா, நீயும் சாப்பிடு, இல்லேன்னா சந்தேகப்படுவாங்க."

வேண்டாம் என்று சொல்ல மனசு வரவில்லை. கூடத்தில் எல்லாருக்கும் நடுவே உட்கார்ந்து, மறுபடியும் வயிறு முட்டச் சாப்பிட்டேன்.