செவ்வாய்க்கிழமை வீடு

“சரிதாக்கா வூட்ல மட்டும் ஏம்மா இன்னும் செவ்வாக்கெழம?” என்று முதலியார்பேட்டையில் ஒன்பது வயது அறிவுமதி கேட்டாள். அன்று வெள்ளி. சரிதா வீட்டு ஜன்னல் வழியே தெரிந்த நாட்காட்டியில் செவ்வாய்தான் இருந்தது. கிழித்தால் அடியிலும் செவ்வாயே வந்தது.

வயிற்றுப்பிள்ளைக்குச் சிறுநீரகமே உருவாகவில்லை, பிறந்தாலும் பிழைக்காது என்று ஸ்கேனில் சொன்னபோது சரிதாவுக்கு இருபத்தோராம் வாரம். கலைக்கச் சட்டம் இருபது வாரம்வரைதான் விட்டது. அதை இருபத்துநான்காக்கும் மசோதா தில்லியில் காத்திருந்தது. கோர்ட்டுக்குப் போகலாம் என்றார் டாக்டர். “போனா பேப்பர்ல வந்து தெருவே படிக்கும் டாக்டர்” என்று சொல்லிவிட்டு வந்து கதவைச் சாத்தினாள். அன்று செவ்வாய். அது போகவில்லை.

ஊரடங்கில் எல்லா வீட்டிலும் ஒரே நாள் போலிருந்ததால் முதலில் யாரும் கவனிக்கவில்லை. பிறகு கவனித்தார்கள். வாசல் கோலம் மழையில் கலையவில்லை; பால் திரியவில்லை. கணவன் அருள்முருகன் புதன், வியாழன் என்று வேலைக்குப் போய்விட்டு மாலையில் செவ்வாய்க்குத் திரும்பினான். மாவு விற்கும் கொளஞ்சியம்மா கேட்டருகே நின்று, “எத்தினி மாசம்?” என்றாள்.

“அஞ்சுக்கா.”

“போன வருசமும் அஞ்சுதான சொன்ன? யானையா சொமக்கற?”

பெண் குழந்தை என்று தெரிந்துகொண்டு கலைக்க ஆள் தேடுகிறார்கள் என்று தெரு பேசியது. போலீசுக்கு மொட்டைக் கடிதம் போயிற்று. வந்த ஏட்டு உள்ளே நுழைந்ததும் அவர் கைக்கடிகாரமும் செவ்வாய் காட்டியது; புகாரில் உண்மையில்லை என்று எழுதிவிட்டுப் போனார். பக்கத்து வீட்டு எலிஸபெத் அம்மாள்தான் விடவில்லை. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த லூயியின் விதவை. ஞாயிறு பூசை தவறாதவர். கருவைக் கலைப்பது பாவம், அதில் மட்டும் அவருக்குச் சந்தேகமே இல்லை. தன் மாடியிலிருந்து சரிதா வீட்டுத் துணிக்கொடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நாள் நின்ற இருபதாவது மாதம் அந்தச் சட்டம் வந்தது. சரிதா அந்தச் செவ்வாயிலிருந்து இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போய், வெறும் மடியோடு திரும்பிச் சுவர்ப்பக்கம் படுத்தாள். பின்கட்டில் கறைபட்ட போர்வைகள் வாளியில் ஊறுவது மாடியிலிருந்து எலிஸபெத்துக்குத் தெரிந்தது.

முப்பது வருஷத்துக்கு முன், லூயி பிரான்சுக்குப் போய் எட்டு மாதமாகியிருந்தபோது, எலிஸபெத்துக்கு மூன்று மாதக் கரு சிதைந்தது. அப்போது இந்த வீட்டில் இருந்த சரிதாவின் அம்மா கலைமகள், ஒன்றும் கேட்காமல் அந்தப் போர்வைகளைத் துவைத்துத் தன் கொடியில் காயப்போட்டார். தெரு கலைமகளைத்தான் பேசியது. அவை யாருடைய போர்வைகள் என்று அவர் சாகும்வரை யாரிடமும் சொல்லவில்லை.

தெரு மதியச் சீரியலில் மூழ்கியிருந்த நேரம், எலிஸபெத் பின்வாசல் வழியே வந்து வாளியைத் தூக்கிப் போனார். கறை போகும்வரை கசக்கித் தன் மாடியில் உலர்த்தினார். காய்ந்ததும் மடித்துக் கொண்டுவந்து, தூங்கும் சரிதாவின் கால்மாட்டில் வைத்தார். எந்த ஜெபம் சொல்வதென்று தெரியாமல் சிலுவை மட்டும் போட்டுக்கொண்டார். போகும்போது நாட்காட்டியில் செவ்வாயைக் கிழித்தார். அடியில் புதன் இருந்தது.