எட்டாவது குடம்

கையை நீட்டி உறுதிமொழி எடுப்பதில் அந்த ஊர்க்காரர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை. நிலத்தைக் காப்போம், நீரைக் காப்போம் என்று கிராம சபையில் வருடாவருடம் முழங்குவார்கள். இலவசத் துணிப்பை வாங்குவார்கள், போட்டோவுக்கு நிற்பார்கள். மறுநாள் அதே பையில் செத்த கோழியைப் போட்டுக் கொண்டுபோய் ஊர்க்கிணற்றில் வீசுவார்கள். பார்க்கப் பார்க்க அதே ஊர்ச் சுகன்யாவுக்கு ஆத்திரமாக வந்தது.

ஆழ்துளைப் போர் போட்டபின் அந்தக் கிணற்றை யாரும் சீந்தவில்லை. கோழிப்பண்ணைகளுக்கு அது வசதியாகப் போயிற்று. செத்ததைக் குழி வெட்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைக்க ஆள் வேண்டும். கிணறு சும்மாதானே கிடந்தது. குடிதண்ணீர்த் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் போர் அங்கிருந்து இருபதடி தள்ளித்தான் இருக்கிறது என்பதை மட்டும் எல்லோரும் மறந்துவிட்டார்கள். அவள் மகள் கனிஷ்கா இந்த வருடம் இரண்டு தடவை வாந்தியும் வயிற்றுப்போக்குமாக ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இன்னொரு தடவை வந்தால் பிள்ளை தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

சுகன்யா மனு கொடுத்தாள். வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். எல்லோரும் தலையாட்டினார்கள். ஆளுக்கு ஒன்றிரண்டு வீசியிருந்ததால் யாரையும் கேட்க யாருக்கும் வாயில்லை. அவளுக்கும்தான் இல்லை. ஆறு வருடத்துக்கு முன்னால், சென்னியப்பனின் கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கிய காலத்தில், அவர் சொல்லி, செத்த கோழிகள் அடைத்த முதல் சாக்கைக் கிணற்றுக்குள் தள்ளியவளே அவள்தான். அதை நினைத்தால் கோபம் இன்னும் ஏறியது.

மாரியம்மன் பண்டிகைக்கு மோகனூர் போய்க் காவிரித் தண்ணீர் கொண்டுவருவது ஊர் வழக்கம். காப்புக் கட்டிய பெண்கள் காலையிலேயே டெம்போவில் கிளம்பினார்கள். சுகன்யாவும் காப்புக் கட்டியிருந்தாள், ஆனால் டெம்போவில் ஏறவில்லை. அவர்கள் திரும்பி வந்து ஊர் எல்லையில் இறங்கி மேளத்தோடு நடந்தபோது, மஞ்சள் பூசி வேப்பிலை செருகிய குடத்தோடு வரிசையில் புகுந்துகொண்டாள். கோயிலில் அவள் குடம் எட்டாவதாக அமர்ந்தது.

பூசாரி நாச்சிமுத்து ஏழு குடத்தை அம்மன் தலையில் ஊற்றினார். எட்டாவதில் வேப்பிலையை எடுத்தவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு கீழே வைத்தார். நாற்றம் கருவறையிலிருந்து வாசல்வரை வந்தது. மேளம் நின்றது.

கோயில் தர்மகர்த்தாவும் சென்னியப்பன்தான். அவர் ஆடிப்போய், எந்தக் கிறுக்கி கொண்டுவந்த குடம் இது, வெளியே கொட்டு என்று கத்தினார்.

சுகன்யா முன்னால் வந்தாள். சென்னியப்பனைப் பார்த்துக் கேட்டாள்.

"ஏனுங்க சாமி, இது நம்மூர்க் கெணத்துத் தண்ணிதானுங்க. இந்த ஊத்துதான் தொட்டிக்கும் ஏறுது. ஆத்தா தலைல ஊத்த ஆகாதுன்னா, எம்புள்ள தொண்டைல மட்டும் எப்படிங்க எறங்கும்? மொதச் சாக்கப் போட்டவளே நாந்தானுங்க. தண்டனை எனக்கும் குடுங்க. ஆனா அந்தக் கெணத்துல இனி ஒருத்தரும் எதையும் போடப்படாது."

காவிரித் தண்ணீர் சொட்டச் சொட்ட அம்மன் பாதி அபிஷேகத்தில் நின்றாள். அடுத்த குடத்தை எடுக்கச் சொன்னார் சென்னியப்பன். நாச்சிமுத்து அசையவில்லை. வரிசையில் வைத்த குடத்தைத் தாண்டி அடுத்ததைத் தொடுவது அந்தக் கோயிலில் இல்லாத பழக்கம். நாச்சிமுத்துவின் பேரனும் போன மாதம் வயிற்றுப்போக்கோடு அதே ஆஸ்பத்திரியில்தான் கிடந்தான்.

"கெணறு சுத்தமாகட்டுங்க," என்றார் நாச்சிமுத்து. "அந்தத் தண்ணியிலயே எட்டாவது கொடம் வரட்டும். அதுவரைக்கும் நான் ஊத்த மாட்டேனுங்க."

அம்மனைப் பாதியில் நிறுத்திவிட்டு எவன் ஊருக்குள் தலைகாட்ட முடியும்? உறுதிமொழிக்கு அசையாத ஊர் அன்றைக்கு அசைந்தது. சென்னியப்பன் வேறு வழியில்லாமல் கிணறு வெட்டும் கிரேனுக்குப் போன் போட்டார். மதியத்துக்குள் ஆண்களும் பெண்களும் கடப்பாரை, கயிறு, சுண்ணாம்பு மூட்டையோடு கிணற்றடியில் நின்றார்கள்.

கிரேனின் முதல் வாளி மேலே வந்தது. மட்கிப்போன சாக்குகள், இறகு, எலும்பு. எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகினார்கள்.

சுகன்யா விலகவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, அந்தச் சாக்குகளைத் தன் கையாலேயே அள்ளி, பக்கத்தில் புதைக்க வெட்டிய குழியில் போட்டாள்.