செத்தவர் துண்டு கேட்ட இடம்

குருவி, வயது இருபத்து நாலு, மூன்றாவது மாடி, ஜன்னலை ஒட்டிய கட்டில்.

விடுதியிலிருந்து அவன் வீட்டுக்கு அனுப்பும் கடிதங்கள் எல்லாம் இப்படித்தான் தொடங்கும். பள்ளிச் சான்றிதழில் இருக்கும் பெயர் வேறு. சின்னச் சத்தம் கேட்டாலும் பறக்கத் தயாராக நிற்பவன் என்பதால் வீட்டில் குருவி என்றே நிலைத்துவிட்டது. பெயர், வயது, இடம் சொல்லி ஆரம்பிப்பது மட்டும் புது வேலை ஒட்டவைத்த பழக்கம். பார்வையில்லாதவர்கள் காதால் படிப்பதற்காகப் புத்தகங்களைக் கணினியில் ஒழுங்குபடுத்தும் அலுவலகம் அது. அங்கே எந்தக் கோப்பும் தான் யார், எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று சொல்லாமல் வாய் திறக்கக் கூடாது.

நாள் முழுக்க விசைப்பலகையோடு மல்லுக்கட்டியவனுக்குக் கடிதத்தையும் தட்ட விரலில் தெம்பு இருக்காது. கைபேசியிடம் பேசுவான், அது எழுதிக்கொள்ளும். நடுநடுவே அவன் தனக்குத்தானே முணுமுணுப்பதையும் ஒன்றுவிடாமல் எழுதும். அனுப்புவதற்கு முன் அவற்றைப் பொறுக்கி அழிப்பதே பெரிய பாடு. வீட்டில் கடிதத்தைத் திறப்பவள் அக்கா. அவளுக்குப் பார்வை இல்லை. மருத்துவமனையில் தொலைபேசி இணைப்புக் கொடுக்கும் வேலை. அவள் கைபேசி வாசிக்க, அப்பா அம்மா உட்பட வீடே சுற்றி உட்கார்ந்து கேட்கும்.

அந்த வாரம் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. வெள்ளிக்கிழமையோடு மூன்று மாதத் தற்காலிக வேலை முடிகிறது. கையில் இருக்கும் நாவல் தேறினால் நிரந்தரம். தேறாவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்ப வேண்டியதுதான். தேறியதா என்று சொல்ல வேண்டியவர் காதம்மா. அவரும் பார்வையற்றவர். ஒவ்வொரு புத்தகத்தையும் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை கேட்டுச் சோதிப்பவர் என்பதால் அலுவலகம் அவருக்கு வைத்த பெயர் அது. அவர் காதில் விழும்படியேதான் கூப்பிடுவார்கள்.

நாவல் அவரிடமிருந்து இரண்டு முறை திரும்பி வந்துவிட்டது. அச்சுப் புத்தகத்தில் காட்சி மாறும் இடமெல்லாம் ஐந்து நட்சத்திரங்களை வரிசையாகப் போட்டிருந்தார்கள். குருவி அதை அப்படியே விட்டுவைக்க, வாசிக்கும் மென்பொருள் ஒவ்வொரு இடத்திலும் நட்சத்திரம், நட்சத்திரம் என்று ஐந்து முறை ஓதியது. கதை கேட்க வந்தவளை வானத்தை எண்ண வைத்துவிட்டான் என்று காதம்மா குறிப்பு அனுப்பினார்.

குறிப்பைப் படித்ததும் பதறிப்போனவன், ஒரே தட்டில் நாவல் முழுவதிலும் இருந்த நட்சத்திரங்களைத் துடைத்தெறிந்தான். விளைவு, நாலாம் அத்தியாயத்தில் ஊர்கூடி மழையில் அடக்கம் செய்த மனிதர், அடுத்த மூச்சிலேயே மனைவியிடம் துண்டு எங்கே என்று கேட்டார். அது பழைய நினைவு என்று கேட்பவருக்கு எப்படித் தெரியும்? இம்முறை குறிப்பில் ஒரே வரிதான்: நனைந்தது பிணமா, துக்கத்துக்கு வந்தவர்களா?

என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை. கேட்கவும் வாய் வரவில்லை. புதன்கிழமை மதிய இடைவேளையில் மாடிப்படியில் உட்கார்ந்து வீட்டுக்குக் கடிதம் பேசினான். நான் சௌக்கியம், வேலை நன்றாகப் போகிறது என்றான். அதற்குள் மணியடிக்க, முணுமுணுப்பைத் துடைக்காமலேயே அனுப்பிவிட்டான்.

மறுநாள் காலை அக்கா கூப்பிட்டாள்.

"ஏன்டா குருவி, சௌக்கியம்னு ஆரம்பிச்சு, அதே மூச்சுல பெட்டியைக் கட்டணும்னு புலம்பியிருக்கியே. எந்தப் பெட்டின்னு அம்மா கேட்டாங்க."

"பழைய அட்டைப்பெட்டின்னு சொல்லுக்கா."

"அதையேதான் நானும் சொல்லிவெச்சேன். அம்மா நம்பிட்டாங்க. அப்பாதான் நேத்துலேருந்து ஒரு வார்த்தை பேசல."

அவன் எல்லாவற்றையும் கொட்டினான். அக்கா துண்டு கேட்டவர் கதைக்கு மட்டும் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அந்தம்மாகிட்டயே கேட்டா என்னடா?"

"இதுகூடத் தெரியாமலா வந்தேன்னு நினைப்பாங்கக்கா."

"தெரியாதுன்னு நீயே ரெண்டு தடவை எழுத்துல குடுத்திருக்கே. இனிமே ஒளிக்க என்ன மிச்சம் இருக்கு?"

குருவி அதே சூட்டோடு காதம்மாவின் மேசை முன் போய் நின்றான். நட்சத்திரமும் வேண்டாம், வெறும் இடமும் கூடாது என்றால் வேறு என்ன போடுவது என்று ஒருவழியாகக் கேட்டுவிட்டான்.

"முதல் தடவையே வாயைத் திறந்திருந்தா அந்த மனுஷனுக்கு இவ்வளவு அலைச்சல் இருந்திருக்காதேப்பா," என்றார் காதம்மா.

காட்சி மாறுகிறது என்று மென்பொருளுக்குச் சொல்ல ஒரு குறி இருந்தது. அதைக் கண்டால் அது சற்று நின்று, "பிரிவு" என்று ஒரே ஒரு முறை சொல்லிவிட்டு மேலே போகும். போட்டுக்காட்ட அவருக்கு நாலு விசைதான் தேவைப்பட்டது. ஆனால் எங்கெங்கே போடுவது? நட்சத்திரங்கள்தான் ஒன்றுகூட மிச்சமில்லையே. நானூறு பக்க அச்சுப் புத்தகத்தைத் தாள் தாளாகப் புரட்டி, அறுபத்து மூன்று இடங்களை ஒவ்வொன்றாகத் தேடிக் குறித்தான். பக்கத்து மேசைக்காரர் நட்சத்திரம் பார்த்து ஜாதகம் எழுதுகிறாயா என்று கேட்டுவிட்டுப் போனார்.

நாவலை ஏற்கெனவே இரண்டு முறை முழுக்கக் கேட்டிருந்ததால், வெள்ளிக்கிழமை முற்பகல் காதம்மா காட்சி மாறும் இடங்களை மட்டும் தாவித் தாவிக் கேட்டுவிட்டு, கடைசியாக நாலாம் அத்தியாயத்தை ஒலிக்கவிட்டார். மழை பெய்தது. மண் போட்டார்கள். குரல் நின்றது. "பிரிவு" என்றது. மறுபடி நின்றது. பிறகு அந்த மனிதர் துண்டு கேட்டார்.

"இப்போ தாராளமா கேக்கலாம். இது பத்து வருஷத்துக்கு முந்தின குளியல்," என்ற காதம்மா, நாவல் தேறியது என்ற தாளில் கையெழுத்திடத் தடவிப் பேனாவை எடுத்தார்.

அன்றைய கடிதத்தை மாடிப்படியில் இருந்தபடியே பேசினான்.

"குருவி, வயசு இருபத்து நாலு, மூணாவது மாடி, ஜன்னலை ஒட்டின கட்டில். கட்டிலைக் காலி பண்ண வேண்டாம், வேலை நிரந்தரமாயிடுச்சு. இதைத் திறக்கிறவங்க முதல்ல அப்பாவைக் கூப்பிட்டு இந்த வரியை மட்டும் கேக்க வைங்க."