வலப்பக்கத்துப் பால்

கினந்தி பிறந்த பிறகு நான் ஓடியதெல்லாம் அரைத் தூக்கத்தில்தான். நன்றாக விழித்துக்கொண்டு ஓடினேன் என்று சொன்னால் பொய். தியெங் மேட்டில் காலை எட்டு மணிவரை மூடுபனி உருளைக்கிழங்குப் பாத்திகளின் மேல் படுத்துக்கிடக்கும். அதற்குள் நுழைந்துவிட்டால் என் கால் எனக்கே தெரியாது. மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும், அதுவும் பக்கத்தில் வேறு யாரோ ஓடுகிறமாதிரி. சில நாள் அந்த யாரோ பழைய நான், பழைய வெனிங் என்று நினைத்துக்கொள்வேன். இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் மலை ஓட்டத்தில், நாற்பத்திரண்டு கிலோமீட்டரில், மூன்றாவதாக வந்தவள். அவளை எட்டிப் பிடிக்கத்தான் ஓடினேன்.

"யாரு துரத்துறா உன்னை?" என்பாள் வார்சி அக்கா, என் கணவர் பிரசோஜோவின் அக்கா. நான் காலணி மாட்டும்போதெல்லாம் இதே கேள்விதான். "பிள்ளை பெத்தவ எங்க ஓடுற? ஏன் ஓடுற?"

எனக்குப் பதில் தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லித் தொலைத்திருப்பேன். ஆனாலும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு என்னை வெளியே விடுகிறவளும் அவள்தான். திரும்பி வந்ததும் நேராகக் குழந்தையைத் தொட விடமாட்டாள். கால் கழுவி, அடுப்படியில் உட்கார்ந்து, வழியில் ஒட்டிக்கொண்டு வந்த காற்றுக் கருப்பு எதுவானாலும் அது நெருப்போடு போன பிறகுதான் கினந்தி கைக்கு வருவாள். அழுகிற குழந்தையைப் பார்த்துக்கொண்டு, சட்டை நனைய நனைய, அடுப்பின் முன் உட்கார்ந்திருப்பதைவிட நாற்பது கிலோமீட்டர் ஓடிவிடலாம்.

எனக்குக் கால் ஒரு பிரச்சினையே இல்லை. பால்தான். இரண்டரை மணி நேரம் ஆனால் மார்பு கல்லாகிவிடும். அடுத்த அடி வைத்தால் தோள்வரை குத்தும். பாறை மறைவில் நின்று பீய்ச்சிப் பார்த்தேன். அந்தக் குளிரில் நாலு சொட்டுக்கு மேல் வராது. ஒன்றேகால் மணி போனால் ஒன்றேகால் மணி திரும்பி வர வேண்டும். மேய்கிற ஆட்டை முளையில் கட்டியதுபோல, கயிற்றின் நீளம்தான் என் உலகம். பந்தயமோ ஏழெட்டு மணி நேரம். இந்த வருடம் ஓடுவேன் என்று ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருந்தேன். ஓடி முடிக்காவிட்டால் வார்சி அக்காவின் கேள்விதான் என் வாழ்க்கைக்குக் கடைசி வார்த்தை ஆகிவிடும். அந்தப் பயம் எனக்கு உண்மையாகவே இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பனியில் வழி தவறினேன். தெரிந்த கந்தகப் புகைக் குழி வர வேண்டிய இடத்தில் வரவில்லை. ஓடிக்கொண்டே இருந்தேன். எங்கேயோ ஒரு குழந்தை அழுதது. கினந்தி இல்லை என்று தெரிந்தும் சட்டை நனைந்துவிட்டது. மூளைக்குத் தெரிந்தது மார்புக்குத் தெரியவில்லை. அழுகையைப் பிடித்துக்கொண்டே போனால் சிலெம்பு என்கிற கிராமம், ஒரு வீட்டு வாசல், கிழங்கு கழுவிக்கொண்டிருந்த ஒல்லியான பெண், அவள் முதுகுத் தூளியில் முகம் சிவந்த ஒரு பையன்.

அவள் பெயர் ரூமி. டைபாய்டு வந்து பால் வற்றிப்போனவள். பையன் பகாஸுக்குப் புட்டிப்பால் ஒத்துக்கொள்ளவில்லை. நான் இரண்டு கையாலும் மார்பைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தாள். தூளியை அவிழ்த்துப் பையனை நீட்டினாள்.

இதை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். நான் புண்ணியத்துக்குக் கொடுக்கவில்லை. வலி தாங்காமல் கொடுத்தேன். அவன் குடிக்கக் குடிக்க எனக்குக் கண் சொருகியது. எழுந்தபோது உடம்பு பஞ்சாக இருந்தது. திரும்பி வந்த இரண்டு மணி நேரமும் கால் தரையில் பாவவில்லை.

அன்றோடு என் கயிறு இரட்டிப்பு நீளமாகிவிட்டது. ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் சிலெம்புக்கு, அங்கே பகாஸ், மறுபடி இரண்டு மணி நேரம். வீட்டில் கினந்தி கஞ்சி குடித்துத் தூங்கியிருப்பாள்.

"உங்க பொண்ணை எங்க வீட்டுக்கே குடுத்துருங்கக்கா," என்று சிரிப்பாள் ரூமி. "மாமியாகிட்ட இப்பவே பால் குடிச்சுப் பழகிட்டான் மாப்பிள்ளை."

"பரிசமா எத்தனை மூட்டை கிழங்கு குடுப்ப?"

"கழுவினதா, கழுவாததா?"

நாலாவது ஞாயிறு இதை வீட்டில் சிரித்துக்கொண்டே சொல்லி வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். அடுப்பில் விறகு தள்ளிக்கொண்டிருந்த வார்சி அக்காவின் கை நின்றுவிட்டது.

"எத்தனை தடவை குடுத்த?"

"நாலு."

"ஒவ்வொரு தடவையும் வயிறு ரொம்பி, தானா வாயை எடுத்தானா?"

"ஆமாக்கா. தூங்கியே போயிடுவான்."

"அடிப்பாவி. மாப்பிள்ளையாம்ல. இன்னும் ஒரு தடவை, அஞ்சு ஆச்சுன்னா, மார்க்கப்படி அவன் உன் மகன். கினந்திக்குக் கூடப்பிறந்தவன் கணக்கு, கட்டிக்குடுக்க முடியாது. ஜென்மத்துக்கும் மாத்த முடியாது. வெள்ளிக்கிழமை ஓதுற இடத்துல இதைத்தான் விடிய விடியச் சொல்றாங்க, நீ எங்க இருந்த? ஓடிக்கிட்டு இருந்த!"

பிரசோஜோ தட்டிலிருந்து நிமிரவில்லை. "அஞ்சாவதுக்கு முன்னாடி யோசிச்சுக்கலாம், கினந்தி அம்மா," என்றார். "மகன்னா சும்மாவா? சுன்னத்து விருந்து, கல்யாணம், எல்லாத்துக்கும் நாம நிக்கணும். அவங்களையும் கேக்கணும்ல."

குழந்தை பிறந்ததிலிருந்து என் பெயர் அவர் வாயில் வருவதில்லை. அது எங்கள் ஊர் வழக்கம், கோபிக்க முடியாது. அவர் சொன்னது நியாயமும்கூட. அதனால் சிலெம்புக்குப் போவதை நிறுத்தினேன். மறுபடி ஒன்றேகால் மணி போய், ஒன்றேகால் மணி வந்தேன். பனிக்குள் ஓடும்போது பகாஸ் அழுகிற சத்தம் கேட்கும். பதினைந்து கிலோமீட்டர் தள்ளி அழுவது எப்படிக் கேட்கும்? ஆனால் கேட்டது, சட்டை நனைந்தது.

பந்தயத்தன்று திட்டம் சுத்தமாக இருந்தது. இருபத்தெட்டாவது கிலோமீட்டரில் சிலெம்பு சாவடி. பதினொரு மணிக்குள் அதைத் தாண்டாதவர்களை நிறுத்திவிடுவார்கள். பிரசோஜோ கினந்தியை வண்டியில் அங்கே கொண்டுவருவார், நான் பால் கொடுத்துவிட்டுக் கிளம்புவேன். வார்சி அக்கா குழந்தையின் சட்டையில் வசம்புத் துண்டைக் குத்திவிட்டு, "சீக்கிரம் முடிச்சுத் தொலை," என்றாள்.

முதல் இருபது கிலோமீட்டர் எப்படிப் போனது என்று ஞாபகமில்லை. யாரோ ஓடினார்கள், நான் கூட இருந்தேன். அதற்குப் பிறகு வலி வந்து என்னை எழுப்பிவிட்டது. சாவடிக்கு வந்தபோது பத்து முப்பத்தைந்து. வண்டி இல்லை. கீழே வளைவில் கிழங்கு லாரி ஒன்று சாய்ந்து பாதை அடைபட்டுக் கிடக்கிறது என்றார் சாவடிக்காரர். கையில் போனைக் காட்டினார். "உங்க வீட்டுக்காரர்தான் பேசினாரு. வர முடியாதாம், எல்லைக்கோட்டுக்கே வந்துடறேன்னாரு."

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இன்னும் பதினான்கு கிலோமீட்டர். இந்த மார்போடு ஒன்றுகூட முடியாது. தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த பெண் கெட்டிலைக் கீழே வைத்தாள். ரூமி. இடுப்பில் பகாஸ். என்னைப் பார்த்ததும் அவன் இரண்டு கையையும் நீட்டினான்.

"வாங்கக்கா."

"ரூமி, இது அஞ்சாவது."

"எனக்கும் எண்ணத் தெரியும். ரெண்டு வாரம் நீங்க வராதப்பவே யாரோ சொல்லிட்டாங்கன்னு புரிஞ்சுது."

"நீ மருமகள் கேட்டியே."

அவள் சிரிக்கவில்லை. "இவன் அப்பா கப்பல்ல. எனக்கும் இவனுக்கும் இந்த ஊர்ல சொந்தம்னு ஒரு கதவு கிடையாது. மருமக இருபது வருஷம் கழிச்சு வந்தா வருவா, வராட்டி இல்லை. தங்கச்சின்னா இன்னிக்கே வந்துருவால்ல?" பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "உங்க வீட்ல திட்டுவாங்கன்னா வேணாம்."

பிரசோஜோவைக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். போன் சாவடிக்காரர் கையிலேயே இருந்தது. கேட்கவில்லை. வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டால் என்ன செய்வேன் என்று பயந்தேன். பெஞ்சில் உட்கார்ந்து பையனை வாங்கினேன். வலப்பக்கம் மட்டும். இடது பக்கம் கினந்திக்கு.

அவன் அவசரப்படவில்லை. முன்னால் ஒவ்வொருவராக ஓடிப்போனார்கள். நான் ஏற்றத்தில் முந்தி வந்தவர்கள் எல்லாரும் போனார்கள். பனி மறுபடி இறங்கியது. பாதை மறைந்தது, சாவடிக்காரர் மறைந்தார், அவர் கையிலிருந்த கொடி மட்டும் தொங்கியது. பத்து ஐம்பது. பத்து ஐம்பத்தைந்து. விரலை விட்டு அவன் வாயை விடுவித்துவிட்டு ஓடலாம். அப்படிச் செய்தால் அது முழுத் தடவை ஆகாது. ஓட்டமும் மிஞ்சும், யாருக்கும் பதில் சொல்லவும் வேண்டாம். என் விரல் அவன் கன்னம்வரை போனது. அவன் கண்ணைத் திறந்து என்னையே பார்த்தான். விரலை எடுத்துக்கொண்டேன்.

பத்து ஐம்பத்தெட்டுக்கு அவனாக வாயை எடுத்தான். ஏப்பம் விட்டான். ரூமியிடம் கொடுத்துவிட்டு ஓடினேன்.

பதினான்கு கிலோமீட்டரும் இடக்கையால் இடப்பக்கத்தைத் தாங்கிக்கொண்டு ஓடினேன். பக்கத்தில் ஓடுகிற அந்த யாரோ அன்றைக்கு வரவில்லை. என் மூச்சு என்னுடையதாகவே கேட்டது. எல்லைக்கோட்டைத் தாண்டியபோது என் இடம் நாற்பத்தொன்று. நான் அழுதேன், மூன்றாவதாக வந்தபோதுகூட அழாதவள்.

பிரசோஜோ கினந்தியோடு நின்றிருந்தார். கையை நீட்டினேன். பின்வாங்கினார். "அடுப்பு! அக்கா என்னைக் கொன்னுடுவா."

சோயா தெம்பே பஜ்ஜி விற்கிறவளின் அடுப்பு முன்னால் போய் உட்கார்ந்தேன். எண்ணெய் கொதித்தது. பின்னாலேயே வந்த பிரசோஜோ என் சட்டையைப் பார்த்தார்: வலப்பக்கம் காய்ந்திருந்தது, இடப்பக்கம் சொட்டியது.

"அஞ்சாச்சா?"

"ஆச்சு. உங்களைக் கேக்கலை."

குழந்தையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினார். பிறகு கினந்தியை என் மடியில் இடப்பக்கமாக வைத்தார். "அவனுக்கு என்ன வயசு?"

"இவளைவிட ஒம்பது வாரம் பெரியவன்."

"அண்ணன்தான் அப்ப," என்றார்.

அடுத்த ஞாயிறு காலணி மாட்டிக்கொண்டிருந்தேன். வார்சி அக்கா வாசலில் வந்து நின்றாள். "எங்க ஓடுற?"

"மகனைப் பாக்க."

உள்ளே போனாள். பாத்திரச் சத்தம் கேட்டது. கோபமாக்கும் என்று நினைத்தேன். வாழையிலையில் கட்டிய பொட்டலத்தோடு வந்து என் முதுகுப் பையில் திணித்தாள். கஞ்சி மாவும், நூலில் கோத்த ஒரு வசம்புத் துண்டும்.

"பையனுக்கு," என்றாள். "பனியில வழி பாத்துப் போ."