வலக்கை நகங்கள்

சடங்கு செய்ய வந்த தங்கையா வெள்ளைத் துணியைக் கிழித்து, திருச்செல்வத்தின் கைக் கட்டைவிரல்கள் இரண்டையும் நெஞ்சின் மேல் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தார். தலைமாட்டில் நின்ற முத்தாயி, அழுகைக்கு நடுவில் குனிந்து பார்த்தாள்.

"ஆஸ்பத்திரியிலயே பாத்தேன், இப்பதான் என் தம்பி கை ஆம்பள கையா இருக்கு. எந்தப் புண்ணியவாளன் வெட்டி விட்டானோ."

காலையில்தான் கோலாலம்பூரிலிருந்து வந்து சேர்ந்திருந்த மகள் அகல்யா நிமிர்ந்தாள். அப்பாவின் வலக்கையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

"மா, அப்பா நகம் எங்க?"

"ஆஸ்பத்திரியில வெட்டிட்டாங்க" என்றாள் நிர்மலாதேவி. மகள் முகம் மாறுவதைப் பார்த்ததும் "மிஸ்ஸிங்க வெட்டிட்டாங்க" என்று நர்சுகள் தலையில் பழியைப் போட்டாள். புருஷன் பிணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு இப்படி ஒரு பொய் வாயில் வழுக்கிக்கொண்டு வருமென்று அவளே நினைத்திருக்கவில்லை.

அந்த நகங்களால் அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. ஊர் உலகத்தில் வேலை ஓய்ந்தவர்கள் கோயில் கமிட்டியில் சேர்வார்கள், இல்லாவிட்டால் கோழி வளர்ப்பார்கள். லூபோக் சீனா ஊர்ப் பக்கம் தோட்டத்து லாரி ஓட்டிவிட்டு, தங்கா பத்துவில் வந்து உட்கார்ந்த இந்த மனுஷர் ஒரு கிட்டாரை வாங்கி வந்தார். அந்தக் காலத்து அமெரிக்கக் கறுப்பினத்தவர் உருகி உருகிப் பாடிய சோல் பாட்டுகளைத் தனிக் கிட்டாரில் வாசிக்க வேண்டுமாம். பாடுகிறவர் கிடையாது, டிரம் கிடையாது. கட்டைவிரல் கீழ்க்குரலைப் பிடித்துக்கொண்டு நடக்க, மற்ற விரல்கள் பாட்டைப் பாட வேண்டும். யூடியூப்பை நிறுத்தி நிறுத்தி, ஒரே துண்டை மாதக்கணக்கில் போட்டு உருட்டுவார். ஒரு பாட்டு ஒழுங்காக வந்துவிட்டால் அதைப் பதிவு செய்து அகல்யாவுக்கு அனுப்பிவிட்டு, அவள் கேட்டாளா கேட்டாளா என்று போனையே பார்த்துக்கொண்டிருப்பார்.

அதோடு போயிருந்தால் யார் கேட்கப் போகிறார்கள். வெறும் விரல் பட்டால் சத்தம் மழுங்கலாக வருகிறது, நகம் பட்டால்தான் பாட்டு எடுபடுகிறது என்று வலக்கையில் மட்டும் நகம் வளர்த்தார். அரத்தால் ராவினார். உடையாமல் இருக்கப் பூச்சு அடித்தார். நிறமில்லாத பூச்சுதான், ஆனாலும் பார்க்கிறவர்கள் சும்மா இருப்பார்களா? கல்யாண வீட்டில் வாழை இலைக்கு முன்னால் உட்கார்ந்து கரண்டி கேட்பார். சாம்பார் சோற்றைக் கரண்டியால் அள்ளும் புருஷனுக்குப் பக்கத்தில் தலையைத் தூக்க முடியாமல் உட்கார்ந்திருப்பாள் நிர்மலாதேவி.

"என்ன நிர்மலா, வீட்டுல பூச்சு பாட்டில் ரெண்டு பேருக்கும் ஒண்ணுதானா, ஆளுக்கு ஒண்ணா?" என்று முத்தாயியே பந்தியில் கேட்டிருக்கிறாள். எல்லாரும் சிரித்தார்கள். திருச்செல்வமும் சிரித்தார். அவளுக்குத்தான் செத்துவிடலாம் போலிருந்தது.

ஸ்ட்ரோக் வந்து இடப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு குழறியது. வலக்கை மட்டும் தப்பித்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலின் இரும்புக் கம்பியில் நகத்தால் தட்டிக்கொண்டே கிடந்தார். கட்டைவிரல் நிதானமாக அடி போட, மற்ற விரல்கள் நடுவில் புகுந்து விளையாடும்.

"அங்கிள் கச்சேரிய ஆரம்பிச்சிட்டாரு" என்பாள் வார்டு மிஸ்ஸி கமலவேணி.

முந்தாநாள் முத்தாயி சுங்கை ரம்பாயிலிருந்து போன் செய்தாள். தன் சம்பந்தி வீட்டாரையும் கூட்டிக்கொண்டு பார்க்க வருகிறாளாம். நிர்மலாதேவி உடனே போய்க் கமலவேணியிடம் நகவெட்டி கேட்டாள்.

"விடுங்கலா ஆன்ட்டி. அவருக்கு இப்ப அது ஒண்ணுதானே இருக்கு."

அவள் விடவில்லை. கீழே கடையில் ஒன்று வாங்கி வந்து, அவர் அசந்து தூங்கும்போது கட்டைவிரலில் வைத்தாள். அந்தச் சத்தத்தில் விழித்துக்கொண்டார். கையை இழுத்துக்கொண்டிருந்தாலாவது தேவலை. அவள் முகத்தைப் பார்த்தார், பிறகு மற்ற விரல்களையும் ஒவ்வொன்றாக அவரே நீட்டிக் கொடுத்தார். வந்தவர்கள் பார்த்துவிட்டுப் போனதும் கம்பியில் ஒரு தரம் தட்டினார். சத்தம் வரவில்லை. கையைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டார். மறுநாள் உயிர் போகும்வரை அதை வெளியே எடுக்கவில்லை.

"கேக்காம எப்படிம்மா வெட்டலாம்? எந்த மிஸ்ஸி?" என்றாள் அகல்யா.

"யாருக்குத் தெரியும். விடும்மா இப்ப."

அவள் விடுகிறவள் இல்லை. நிர்மலாதேவி அந்தப் பேச்சு நின்றால் போதுமென்று தெய்வங்களையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டிருந்தபோது, வாசல் கூடாரத்தைத் தாண்டி ஒரு பெண் மாலையோடு உள்ளே வந்தாள். வேலை முடிந்து நேராக வந்திருக்க வேண்டும், வெள்ளை உடுப்பைக்கூட மாற்றவில்லை. கமலவேணி. மாலையைச் சாத்தியவள், கட்டியிருந்த கைகளைக் கும்பிட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"நீங்க அந்த வார்டா?" என்றாள் அகல்யா. "எங்கப்பா நகத்த வெட்டுனது யாரு?"

கமலவேணி நிர்மலாதேவியைப் பார்த்தாள்.

நான்தான் என்று நிர்மலாதேவி ஒரு வார்த்தை சொன்னால் போதும். முத்தாயி பார்த்துக்கொண்டிருந்தாள், சம்பந்தி வீட்டார் பார்த்துக்கொண்டிருந்தார்கள், எல்லாருக்கும் முன்னால் மகள் நின்றுகொண்டிருந்தாள். நிர்மலாதேவி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நான்தாங்க்கா" என்றாள் கமலவேணி. "அழுக்கு சேருதுன்னு வெட்டிட்டேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். சாரிக்கா."

"அது மறுபடி வளர எத்தனை மாசம் ஆகும் தெரியுமா?" என்றாள் அகல்யா. சொல்லி முடித்ததும் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்துவிட்டது. அப்பாவின் காலடியில் சரிந்து உட்கார்ந்து அழுதாள்.

"நீ நல்லதுதான் செஞ்ச, புள்ள" என்று முத்தாயி கமலவேணியின் தோளைத் தட்டினாள்.

பந்தியில் தலைகுனிந்ததெல்லாம் ஒரு அவமானமா என்று நிர்மலாதேவிக்கு இருந்தது.

சாவு வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு போகும் வழக்கமில்லை. கமலவேணியும் சொல்லவில்லை. கூட்டத்தில் யார் மீதும் இடித்துக்கொள்ளாமல் ஒதுங்கி ஒதுங்கி வெளியே நடந்தாள். வாசலில் குவிந்துகிடந்த செருப்புகளுக்கு நடுவில் தன் வெள்ளைச் சப்பாத்துகளைத் தேடி எடுத்து, படியில் உட்கார்ந்தாள். நிர்மலாதேவி கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான். ஒன்றை மாட்டிக் கயிற்றை இழுத்துக் கட்டினாள். பிறகு அடுத்ததை எடுத்து, உள்ளே விழுந்திருந்த மண்ணைத் தட்டினாள்.