வெளிச்சத்தில் மறைந்த எழுத்துகள்

வெளியே இன்னும் பொழுது விடியவில்லை. போத்தனூர் விளக்குக் கம்பெனிக்குள் அதற்குள் உச்சி வெயில். தெருவிளக்குகளை ஒவ்வொன்றாக எரியவிட்டு, அதில் எந்த எல்.இ.டி. பொட்டு மங்குகிறது என்று உற்றுப் பார்ப்பது நஃபீசாவின் வேலை. கண்ணில் நீர் கொட்டும். முந்தானையால் துடைத்துக்கொண்டு அடுத்ததை எடுப்பாள். அங்கே வேலை செய்யும் பெண்கள் கறுப்புக் கண்ணாடி கேட்டார்கள். போட்டால் மங்கல் தெரியாது என்று முதலாளி மறுத்துவிட்டார். இப்போதெல்லாம் விடியுமுன் உக்கடத்தில் பஸ் ஏற நடக்கையில் எதிரே ஹெட்லைட் பட்டால் ரோடே காணாமல் போகும். சுவரைப் பிடித்து நின்றுவிடுவாள்.

அன்று முதலாளி வரதராஜுலு கண் பரிசோதனைக்கு ஆள் வரவழைத்திருந்தார். இனிமேலாவது கண்ணாடி கிடைக்கும் என்று பெண்களுக்குச் சந்தோஷம்.

நஃபீசா முதலில் உட்கார்ந்தாள். பலகையில் இருந்த எழுத்துகளைக் கடைசி வரிவரை படித்தாள். வந்தவர் பலகைக்குப் பக்கத்தில் ஒரு விளக்கை அவள் முகத்துக்கு நேராகப் போட்டார்.

"இப்பப் படிங்க."

எல்லாம் வெள்ளையாகிப் போனது.

"ஒண்ணுமே தெரியலீங்க."

"கண்ணு கூச்சம் முத்திப்போச்சுங்க. முழுசாச் சரியாகும்னு சொல்ல முடியாது" என்றார் அவர், குரலைத் தாழ்த்தி.

வரதராஜுலு மரியாதை குறையாமல் சொன்னார்: "நாளையிலிருந்து வர வேண்டாமுங்க அம்மணி."

"சேர்றப்ப நல்ல கண்ணுங்க மொதலாளி. உங்க வெளக்கப் பாத்துத்தானுங்க போச்சு."

"வயசானா எல்லார்த்துக்கும் வர்றதுதானுங்க. அடுத்த ஆளு!"

அடுத்து வந்தவள் பக்கத்து மேசைப் பொன்னாத்தாள். நாற்காலியில் உட்காரவில்லை.

"எனக்கும் தெரியாதுங்க."

"இன்னும் லைட்டே போடலியே?" என்றார் பரிசோதிக்க வந்தவர்.

"போட்டாலும் தெரியாதுங்க. இங்க ஆருக்குமே தெரியாது. நஃபீசாவ அனுப்புனா எங்க எல்லாத்தையும் அனுப்போணுங்க."

"போறதுன்னாப் போங்க. நாளைக்கே வேற ஆளு வந்துருமுங்க" என்றார் வரதராஜுலு.

வரும்தான், அது எல்லோருக்கும் தெரியும். சிலர் தலைகுனிந்து மேசைக்கே திரும்பினார்கள். ஒருத்தி அழுதுகொண்டே விளக்கைப் போட்டாள். மற்றவர்கள் வெளியே வந்து கேட்டுக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். பின்னால் கேட்டைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"எனக்காக உங்க பொழப்பையும் கெடுத்துப்போட்டேனே" என்றாள் நஃபீசா.

"உனக்காகன்னு ஆரு சொன்னா? எனக்கும் ராத்திரில ரோடு தெரியறதில்ல கண்ணு. பயந்துட்டுச் சொல்லாம இருந்தேன்" என்றாள் பொன்னாத்தாள்.

மதிய ஷிப்டுக்காரிகள் பஸ்ஸை விட்டு இறங்கி வந்தார்கள். வெயிலில் நஃபீசாவுக்கு அவர்கள் முகம் எதுவும் பிடிபடவில்லை. பொன்னாத்தாள் எழுந்து, காலையில் நடந்ததைச் சொன்னாள். சாத்திய கேட் மெல்லத் திறந்து, அவர்களுக்காகக் காத்திருந்தது.

டிபன் பையைக் கீழே வைத்துவிட்டு யாரோ ஒருத்தி நஃபீசாவின் தோளை ஒட்டி உட்கார்ந்தாள்.